டிசம்பர், வலது காது

டிசம்பர் 2, 2024
அதே சத்தம். பழைய டியூப்லைட் எரிகிற மாதிரி, வலது காதில் மட்டும். பத்து நாளைக்கு கார்டிசோன் மாத்திரை. சத்தமான இடம் எதற்கும் போகக் கூடாது என்றார் டாக்டர். 31ஆம் தேதியைப் பற்றி அவரிடம் கேட்க வாய் வரவில்லை.

டிசம்பர் 4
தூக்கம் இல்லை.

டிசம்பர் 7
பெர்லினின் ஓபர்பௌம் பாலம் வரை நடந்தேன். தலைக்கு மேல் யு1 ரயில் போனபோது காதைப் பொத்திக்கொண்டேன். பாலத்திலிருந்து பார்த்தால் ஆற்றோரத்து வாட்டர்கேட் நடனக் கிளப்பின் கண்ணாடி தெரியும். 2002இல் திறந்தது. வாடகை, விலைவாசி, கொரோனாவுக்குப் பிறகு மாறிப்போன கூட்டம் எல்லாம் சேர்ந்து இந்த வருடக் கடைசியோடு மூடுகிறார்கள். 31ஆம் தேதிதான் கடைசி இரவு.

ஒரு ஜூன் மாதம், கீழ்த்தளத்தில். ஐந்து மணிகூட ஆகவில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சூரியன் வந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் யாரும் சொல்லாமலே கண்ணாடிப் பக்கம் திரும்பினோம். பக்கத்தில் நின்ற யாரையும் எனக்குத் தெரியாது. இந்த ஊரில் எனக்கும் இடம் இருக்கிறது என்று முதன்முதலில் தோன்றியது அன்றைக்குத்தான்.

டிசம்பர் 8
அம்மா போன். “குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” இடது காதில் வைத்துப் பேசினேன். சொல்லவில்லை.

டிசம்பர் 12
மாத்திரை முடிந்தது. சத்தம் முடியவில்லை.

நண்பன் க. வந்திருந்தான். ஒரு இடம் போனால் இன்னொன்று வரும், ட்ரேசோர் கிளப் திரும்பி வரவில்லையா என்கிறான். அவன் போனதிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ட்ரேசோர் 1991 மார்ச்சில் திறந்தது வெர்ட்ஹைம் என்ற பழைய பெரிய கடையின் நிலவறையில். துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டகங்கள் சுவரில் அப்படியே இருந்தன. பெர்லின் சுவர் விழுந்த புதிது, கிழக்கில் பாதிக் கட்டடங்களுக்கு உடைமையாளர் யார் என்றே தெரியாத காலம். டெட்ராய்டில் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய டெக்னோ இசை அந்த நிலவறைக்கு வந்து சேர்ந்தது. டெட்ராய்ட் டிஜே ஜெஃப் மில்ஸ் அங்கே வாசித்தார். 2005இல் அந்த நிலம் அலுவலகக் கட்டடத்துக்குப் போனது. 2007இல் பழைய அனல்மின் நிலையம் ஒன்றில் மறுபடி திறந்தார்கள். க. சொல்வது இதைத்தான்.

ஆனால் அவர்கள் போவதற்கு ஒரு காலி மின்நிலையம் இருந்தது. அதற்கு முன் ஒரு காலி நிலவறை இருந்தது. இப்போது 22 வயதில் கையில் நான்கு ஸ்பீக்கரோடு வருகிறவளுக்கு இந்த ஊரில் எந்த அறை காலியாக இருக்கிறது? மேற்கு பெர்லினில் 1949லேயே இரவில் இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். விடிய விடிய ஆட நேரம் உண்டு. ஆடத்தான் இடம் இல்லை.

மார்ச்சில் பெர்லின் டெக்னோவை நாட்டின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நான்தான் எல்லோருக்கும் போன் போட்டேன். க.வை எழுப்பிச் சொன்னேன். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை.

டிசம்பர் 13
இன்று கொஞ்சம் குறைவு. அல்லது பழகிவிட்டது.

டிசம்பர் 19
நகர பட்ஜெட்டில் அடுத்த வருடக் கலைப் பணத்தில் சுமார் 13 கோடி யூரோ வெட்டு. இன்று சபையில் நிறைவேறிவிட்டது. நாடக அரங்குகளுக்குத்தான் பெரிய அடி. கிளப்புக்கும் அதற்கும் என்ன என்று ஆபீஸில் ஒருவர் கேட்டார். கோபம் வந்தது. பெர்க்ஹைன் கிளப்பின் வழக்கில் 2016லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது: அங்கே போகிறவர்கள் கச்சேரிக்குப் போவதைப் போல இசைக்காகத்தான் போகிறார்கள், நுழைவுச்சீட்டுக்கு 19 சதவீதம் இல்லை, 7 சதவீத வரிதான். 2021இல் நாடாளுமன்றமும் தீர்மானம் போட்டது, கட்டட விதியில் கிளப்புகளைச் சூதாட்டக் கூடங்களோடு சேர்க்காதீர்கள், ஓபெரா அரங்குகளோடு சேருங்கள் என்று. கட்டட விதி இன்னும் மாறவில்லை. இதையெல்லாம் அவரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். கை நடுங்கியது.

டிசம்பர் 20
காதுப் பரிசோதனை. தாளில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளத்தில் விழுகிறது. கீழ் ஒலிகள் முழுசாக இருக்கின்றன. அப்படியென்றால் கிக் டிரம்மின் கனத்த அடி இருக்கும், ஹைஹாட் தட்டின் மெல்லிய ஓசை தேயும். தவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அடி முதலில் வயிற்றில் விழுமே, அது எனக்கு இன்னும் உண்டு. வீட்டுக்கு வந்து அழுதேன்.

டாக்டரிடம் 31ஐப் பற்றிக் கேட்டுவிட்டேன். அளவெடுத்துச் செய்த காதடைப்பான் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி. அதுவும் என் பொறுப்பில்.

டிசம்பர் 24
ஊரே அமைதி. என் காது மட்டும்.

டிசம்பர் 28
அடைப்பான் வந்துவிட்டது. போட்டால் வெளி உலகம் போய் என் மூச்சு கேட்கிறது. ரீங்காரம் இரண்டு மடங்காகிறது. ஒரு மணி நேரம் இதோடு நிற்க முடியுமா? கண்ணாடி ஓரமாக நின்றால் போதும். ஆற்றைப் பார்த்தபடி.

டிசம்பர் 29
போகவில்லை என்று க.வுக்கு எழுதினேன். அழித்தேன்.

டிசம்பர் 31
மத்தியானத்திலிருந்தே தெருவில் வெடி. ஒவ்வொன்றுக்கும் தோள் தூக்கிப் போடுகிறது. அடைப்பான் சட்டைப் பையில் இருக்கிறது, நான்கு முறை தொட்டுப் பார்த்துவிட்டேன். க. கீழே வந்து மணி அடிக்கிறான். இடது காதில் கேட்கிறது.