பழைய காரின் பிளாக்: அளக்கும் முன் முடிவெடுக்காதீர்கள்

எஞ்சினைப் பிரித்துப் போட்டதும் வரும் முதல் கேள்வி, இருக்கிற பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலை) ரீபோர் பண்ணுவதா, அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையை (போரை) சற்றுப் பெரிதாக வெட்டிச் சீராக்குவதா, வேறு பிளாக் வாங்கிப் போடுவதா என்பதுதான். கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு, மஹிந்திரா ஜீப். இவற்றுக்கு என் கருத்து உறுதியானது: வண்டியோடு வந்த பிளாக் தேறாது என்று சோதனையில் தெரியும் வரை அதைக் கைவிடக் கூடாது.

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. பத்மினி அதற்கும் வெகு முன்பே நின்றுவிட்டது. இன்று "புது பிளாக்" என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, விற்காமல் கிடந்த பழைய கம்பெனி ஸ்டாக்; கிடைத்தால் நல்லதுதான், ஆனால் அபூர்வம். மற்றது, யாரோ ஒருவருடைய வண்டியிலிருந்து கழற்றி, போர் போட்டு, பெயிண்ட் அடித்த பிளாக். அதன் பழைய கதை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பிளாக்கின் கதையாவது பாதி தெரியும்.

சோதனையில் வரிசைதான் முக்கியம். முதலில் விரிசல், அடுத்து அளவு, கடைசியில்தான் பிஸ்டன் ஆர்டர். பலர் நேராக லேத் பட்டறைக்குத் தூக்கிப் போய் போர் போட்டுவிடுகிறார்கள். எஞ்சின் கட்டி முடித்த பிறகு ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வரும்போதுதான் விரிசல் தெரிகிறது. போர் கூலி, பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் போச்சு.

விரிசலுக்கு வீட்டிலேயே ஒரு முதல் சோதனை செய்யலாம். கிரீஸ், பெயிண்ட், கார்பன் எல்லாவற்றையும் சுத்தமாக எடுத்துவிட்டு, சந்தேகமான இடத்தில் டீசலை பிரஷ்ஷால் தடவி கால் மணி நேரம் ஊறவிடுங்கள். துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து ஸ்பிரிட்டில் கரைத்து மேலே பூசுங்கள். ஸ்பிரிட் காய்ந்து வெள்ளையாக நிற்கும். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய டீசல் மெல்லத் திரும்பக் கசிந்து, அந்த வெள்ளையில் முடி கனத்துக்கு ஒரு ஈரக்கோடு போடும். ஹெட்டை (பிளாக்கின் மேல் மூடியை) இறுக்கும் ஸ்டட் ஓட்டையைச் சுற்றி, ஸ்டட்டுக்கும் போருக்கும் நடுவில், இரண்டு சிலிண்டருக்கு இடையே உள்ள ஒடுக்கமான பகுதியில், கீழே கிராங்க் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் குறுக்குச் சுவரான வெப்பில் பார்க்க வேண்டும்.

இதில் தேறினாலும் பிரஷர் டெஸ்ட் அவசியம். மேல் பக்கத்தை ரப்பரும் பிளேட்டும் வைத்து மூடி, வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள்) சுடுநீர் விட்டு, சுமார் 3 பார் அழுத்தத்தில் அரை மணி நேரமாவது வைக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த இரும்பில் மூடிக்கிடக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். அதனால் பச்சைத் தண்ணீர் டெஸ்ட் போதாது. வாட்டர் ஜாக்கெட் ஓட்டைகளை அடைத்திருக்கும் பழைய டம்மித் தகடுகளையும் அதற்கு முன்பே தட்டி எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த டம்மிக்குப் பின்னால் விரலளவு உப்பு கட்டியிருக்கும். சிறுவாணி தண்ணீரை விட்டு ஓட்டிய வண்டிக்கும் போர்வெல் தண்ணீரை விட்டு ஓட்டிய வண்டிக்கும் இங்கே வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடைசி சிலிண்டரைச் சுற்றி உப்பு அடைத்தால் அது மட்டும் தனியாகச் சூடேறும். சூடேறிய எஞ்சினில் ரோட்டோரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதுதான் நம் ஊரில் பிளாக் வெடிப்பதற்கு முதல் காரணம்.

இனி அளவு. போர் கேஜை வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, அடி என மூன்று உயரத்தில், கிராங்க் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று என ஆறு அளவு எடுங்கள். தேய்மானம் எப்போதும் மேல் ரிங் திரும்பும் இடத்தில், குறுக்குவாக்கில்தான் அதிகமாக இருக்கும். அடியில் பிஸ்டன் போகாத பகுதி கிட்டத்தட்ட பழைய அளவிலேயே நிற்கும்.

அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. மேலே 73.39 என்று அளவு வருகிறது என்று வையுங்கள். தேய்மானம் 0.37 மி.மீ. 20 சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20) பிஸ்டன் ஸ்டாண்டர்டைவிட 0.51 மி.மீ. பெரியது, எனவே 20 போதும் என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுப்பார்கள். போதாது. தேய்மானம் முழுவதும் ஒரே பக்கத்தில் இருந்தால், பழைய மையத்திலிருந்து அந்தப் பக்கம் மட்டும் 0.37 வெளியே போயிருக்கிறது. மையம் மாறாமல் அதை அழிக்க விட்டத்தில் 0.74 வேண்டும். 30 சைஸ், அதாவது 0.76 போட்டால்தான் சுத்தமாகும். 20-க்கு போர் போட்டால் மேலே ஒரு பக்கம் கறுப்புத் திட்டு நிற்கும். அதை மறைக்க மையத்தைத் தள்ளி வெட்டினால் போர் கிராங்குக்கு நேராக இல்லாமல் விலகி நிற்கும். பிஸ்டன் ஒரு பக்கமாக உராய்ந்தே சீக்கிரம் போய்விடும். ஆகவே மேஸ்திரியிடம் இரண்டே விஷயம் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, அடியில தேயாத இடத்துல சென்டர் புடிங்க. பிஸ்டன் கைக்கு வந்த பொறவு அதை அளந்துட்டு போர் போடுங்க."

பிஸ்டனுக்கும் போருக்கும் உள்ள இடைவெளியை பிஸ்டன் பெட்டியில் போட்டிருப்பதுபோல வையுங்கள். வழக்கமான வார்ப்பு அலுமினிய பிஸ்டனுக்கு 0.05 முதல் 0.075 மி.மீ. வரும். மெயின் கேப்களை (மெயின் பேரிங்கின் கீழ் மூடிகளை) குறித்த டார்க் (முறுக்கு விசை) கொடுத்து முறுக்கிய பிறகே போர் போட வேண்டும், முறுக்கும்போது பிளாக் சற்று நெளியும். போர் மெஷினைப் பிளாக்கின் மேல்முகத்தில் உட்காரவைப்பதாக இருந்தால், முதலில் அந்த முகம் மட்டமா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பாருங்கள். 0.05 மி.மீ.-க்கு மேல் ஃபீலர் தகடு நுழைந்தால் முகம் சீவிவிட்டுத்தான் போர். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கு ரேஸ் வண்டி கட்டும் பட்டறைகளில் இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். கூலி கூடுதல்தான், ஆனால் தகும்.

40 சைஸ் வரை அம்பாசடருக்குத் தயங்காமல் போகலாம். அப்போது 1489 சிசி 1531 ஆகும், அவ்வளவே. அதையும் தாண்டிவிட்டால் பிளாக் முடிந்தது என்று அர்த்தமில்லை. டிரை லைனர் (தண்ணீர் படாத இரும்புக் குழல்) இறக்கி ஸ்டாண்டர்ட் அளவுக்கே திரும்பக் கொண்டுவரலாம். லைனர் சுவர் 2 முதல் 2.5 மி.மீ., இறுக்கம் (லைனர் துளையைவிடப் பெரிதாக இருக்கும் அளவு) 0.05 முதல் 0.08 மி.மீ., அடியில் ஒரு படி விட்டு அதில் லைனர் உட்கார வேண்டும். படி விடாமல் நேராக வெட்டி இறக்கிய லைனர் ஓட்டத்தில் கீழே நழுவி ஹெட் கேஸ்கெட்டை ஊதிவிடும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் லைனர் போடுவதில் தவறில்லை. போட்ட பிறகு பக்கத்துச் சிலிண்டர்களையும் அளந்து பாருங்கள், இறுக்கத்தில் அவை நெளிந்திருக்கலாம்.

ஜீப்பின் ஹரிகேன் எஞ்சினில் கூடுதல் கவனம் வேண்டும். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட்டிலிருந்து போர் வரைக்கும் விரிசல் ஓடுவது இந்த அமைப்பின் பிறவிக் குணம். சீட்டைக் கழற்றி எடுத்த பிறகுதான் அது முழுசாகத் தெரியும். போர் பக்கத்தை லைனரும் சீட் பக்கத்தைப் புது சீட்டும் மூடும் என்றால் காப்பாற்றலாம். வெளிச்சுவர் விரிசலுக்கு மெட்டல் ஸ்டிச்சிங் (உலோகச் செருகல்களால் விரிசலைத் தைப்பது) நன்றாக நிற்கிறது. மெயின் வெப்பில் விரிசல் என்றால் அந்த பிளாக்கை ஒதுக்கிவிடுங்கள், யார் என்ன சொன்னாலும்.

அப்படி ஒதுக்கிய பிறகு உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடலாம். புதுப் பெயிண்ட் பளபளக்கும் பிளாக்கை விட துருப்பிடித்த பிளாக்கே மேல். பெயிண்டுக்கு அடியில் விரிசலை மறைக்கும் எம்-சீல் பசை இருக்கும். மெயின் கேப்கள் அந்த பிளாக்கோடு வந்தவைதானா என்று நம்பரைப் பாருங்கள். கேப் மாறியிருந்தால் லைன் போர் (மெயின் பேரிங் துளைகளை ஒரே நேர்க்கோட்டில் வெட்டுவது) செய்தே ஆக வேண்டும். பழைய 1489-ல் கிராங்கின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பிவிடுவது கிராங்கில் உள்ள மரை மட்டுமே. கேப் மாறினால் அந்த இடைவெளி கூடி, ஆயில் நேராக கிளட்ச்சில் இறங்கும். எஞ்சின் நம்பர் கிரைண்டர் பட்டுத் தேய்ந்திருந்தால் விலையே பேசாதீர்கள்.

உண்மையிலேயே புதிதாக வார்த்த பிளாக் கிடைக்கும் கார்களும் உண்டு. ஜாகுவாரின் பழைய எக்ஸ்கே 3.8 லிட்டர் பிளாக்கை அந்தக் கம்பெனியே 2019 முதல் மறுபடி வார்த்துத் தருகிறது. ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8-க்கு டார்ட் போன்ற தயாரிப்பாளர்களின் புது பிளாக்குகள் இருக்கின்றன. இந்த வண்டிகளில் பழைய பிளாக் மெயின் வெப்பில் போயிருந்தால் புதியதே சரி. கோவையில் இத்தனை பவுண்டரி இருக்கிறதே, அம்பாசடருக்கு ஒன்று வார்த்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வார்ப்பில் வாட்டர் ஜாக்கெட்டுக்கு வெற்றிடம் விடும் மணல் கோர் 2 மி.மீ. நகர்ந்தாலே ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். வார்த்ததை 500 முதல் 600 டிகிரியில் சூடேற்றி மெல்ல ஆறவிட்டு உள் இழுவிசையை எடுக்காவிட்டால், போர் போட்ட பிறகும் அது நெளிந்துகொண்டிருக்கும். பல வருடம் சூடேறி ஆறிய பழைய இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு பிளாக்குக்கு பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) செலவு கட்டுப்படியும் ஆகாது.

காகித வேலையையும் மறக்க வேண்டாம். எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் நம்பரை மாற்ற வேண்டும். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விஏ வரிசையில் விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. பழைய நம்பரோடு ரீபோர் ஆன பிளாக் இங்கே நேரடியாக உதவுகிறது.

ஹோனிங் (கல்லால் போர்ச்சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) முடிந்து பிளாக் வீட்டுக்கு வந்ததும், ஆயில் கேலரி (ஆயில் ஓடும் துளை) பிளக்குகளைக் கழற்றி, நீள பிரஷ் விட்டு, சுடுநீரிலும் சோப்பிலும் கழுவுங்கள். பெட்ரோலும் டீசலும் கல் பொடியை எடுக்காது, போர்ச்சுவரில் இன்னும் உள்ளே தள்ளும். வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டு போரைத் துடைத்தால் சாம்பல் நிறம் வரக் கூடாது. வந்தால் மறுபடி கழுவ வேண்டும். காய்ந்த உடனே ஆயில் தடவிவிடுங்கள், அரை மணியில் துரு ஏறும். ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் வேண்டாம். பேட்டரித் தண்ணீரோடு (டிஸ்டில்ட் வாட்டர்) 30 முதல் 50 சதவீதம் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள்.