எழுத்துக்கு நிறம், பிளேட்டுக்குக் கணக்கு: டி.டி.பி. செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

சேலத்தில் டி.டி.பி. (கணினியில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் வேலை) படிக்கிறவர்களுக்குத் தேர்வு இரண்டு முறை வரும். பயிற்சி மையத்தின் செய்முறைத் தேர்வு ஒன்று. செவ்வாய்ப்பேட்டையிலோ ஐந்து ரோடு பக்கமோ அச்சகத்தில் வேலை கேட்டுப் போனால், "உட்கார்ந்து ஒரு பக்கம் செய்து காட்டுங்கள்" என்பார்களே, அது இன்னொன்று. படம் வெட்டுவது, ஓரம் விடுவது, வரி இடைவெளி போன்றவற்றை ஓரளவுக்கு எல்லோரும் செய்துவிடுகிறார்கள். தேறுகிறவரையும் தேறாதவரையும் பிரிப்பது எழுத்தின் நிறம்தான் என்பது இரண்டையும் எழுதிப் பார்த்த என் எண்ணம்.

எனக்கு வந்த தேர்வாளர் பக்கத்தின் அழகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, "இது எத்தனை பிளேட்டில் விழும், தம்பி?" என்றார். பிளேட் என்பது அச்சுத் தகடு, ஒவ்வொரு மைக்கும் ஒன்று. பிறகு அடுத்த வரி, அதற்கும் அதே கேள்வி. வாய்மொழித் தேர்வின் பெரும்பகுதி இப்படியே போயிற்று. அதனால் ஒவ்வொரு நிறத்தையும் பிளேட் கணக்கோடு சேர்த்தே படித்துவிடுங்கள்.

செய்யச் சொன்னது ஏற்காட்டுக் காபித்தூளுக்கு ஒரு லேபிள். மேலே பெயர், நடுவில் சேர்வராயன் மலையின் கோட்டோவியம், கீழே நிகர எடை, தயாரித்த தேதி, முகவரி என்று பொடி எழுத்து. நான்கு கலர் ஆப்செட் (சியான் என்ற நீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளில் அச்சடிப்பது), வழவழப்பான ஆர்ட் பேப்பர். காபி என்றால் பழுப்புதானே? அறையில் இருந்த அத்தனை பேரும் பழுப்புக்குத்தான் போனோம். சியான் 40, மெஜந்தா 70, மஞ்சள் 100, கருப்பு 50 என்று வைத்தால் வறுத்த கொட்டையின் நிறம் திரையில் அப்படியே வரும். 40 பாயிண்ட் தலைப்புக்கு அது பிரமாதம். அதே ஸ்வாட்சை (சேமித்து வைத்த நிறக் கலவையை) 6 பாயிண்ட் முகவரிக்குக் கொடுத்தால்தான் வம்பு.

காரணம் இதுதான். அச்சில் 40 சதவீதம் சியான் என்றால் நீர்த்த மை இல்லை. அதே மைதான், சிறு புள்ளிகளாக விழுகிறது. அங்குலத்துக்கு 150 வரி என்ற வழக்கமான ஸ்கிரீனில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். 6 பாயிண்ட் தமிழ் எழுத்தின் கோட்டுத் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 'கெ' எழுத்தின் கொம்பை லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பாருங்கள்: கோடு கோடாக இருக்காது, விளிம்பு ரம்பப் பல்லாகத் தெரியும். அதற்கு மேல் ரிஜிஸ்டர், அதாவது பிளேட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவது, இம்மி விலகினால் ஒரு பக்கம் மெஜந்தாவும் மறுபக்கம் சியானும் எட்டிப் பார்க்கும். மெஷின் அண்ணன் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், ஓடும் தாளில் அந்த இம்மியை முழுக்க ஒழிக்க முடியாது.

ஆகவே பொடி எழுத்து முழுவதும் கருப்பு 100 மட்டும், ஒரே பிளேட். பழுப்பு தலைப்போடு நிற்கட்டும். "எழுத்து முழுக்கப் பழுப்பிலேயே வேண்டும்" என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பழுப்பைக் கலந்த மையாகவே, ஸ்பாட் கலராக வைத்துக்கொள்ளலாம் என்பது பதில். லேபிளில் வண்ணப் புகைப்படம் இல்லையென்றால் பழுப்பு, கருப்பு என்று இரண்டே பிளேட்டில் வேலை முடியும், செலவும் குறையும். இதைச் சொன்னபோதுதான் தேர்வாளர் முதல்முறையாகத் தலையசைத்தார். சிறு எழுத்துக்குச் சிவப்பு தேவையென்றால் மெஜந்தா 100, மஞ்சள் 100. இரண்டும் முழு மையாக விழுவதால் புள்ளித் தொல்லை இல்லை. மஞ்சள் சற்று விலகினாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

கருப்பு எளிது என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் எஃப்5 அழுத்தினால் வரும் ஸ்வாட்ச் பலகையில் 'பிளாக்', 'ரிஜிஸ்ட்ரேஷன்' இரண்டும் இருக்கும். திரையில் இரண்டும் ஒரே கருப்பு. ரிஜிஸ்ட்ரேஷன் என்பது எல்லா பிளேட்டிலும் 100 சதவீதம், அதாவது நான்கு கலர் வேலையில் மொத்தம் 400. வெட்டுக்குறிக்கும் ரிஜிஸ்டர் குறிக்கும் மட்டுமே உரியது. மேட்டருக்கு, அதாவது பக்கத்தில் அச்சாகும் எழுத்துக்கு, கொடுத்தால் மை காயாமல் அடுத்த தாளின் முதுகில் ஒட்டும். ஆர்ட் பேப்பருக்கே மொத்த மை 300 சதவீத அளவில் நிறுத்துவது வழக்கம்; செய்தித்தாள் காகிதத்துக்கு 240 அளவில். மூன்றாவதாக ஒன்று, சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100 போன்ற அடர்கருப்பு. பெரிய பட்டைக்கும் பருத்த தலைப்புக்கும் அது நல்லது, ஏனென்றால் வெறும் கருப்பு 100 பெரிய பரப்பில் சற்றுச் சாம்பல் தட்டும். நான்காவது, வேறு மென்பொருளிலிருந்து ஒட்டும்போது நுழைந்துவிடும் ஆர்.ஜி.பி. கருப்பு, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கில் அமைந்த கருப்பு. அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃப் வகையான எக்ஸ்-1ஏ ஆக மாற்றும்போது அது நான்கு பிளேட்டிலும் சிதறும். திரையில் பக்கத்தைப் பார்க்கும்போது எந்த அடையாளமும் காட்டாது என்பதால் இதைத்தான் நான் மோசமானது என்பேன்.

இதே வகையில் வேர்ட் கோப்பிலிருந்து மேட்டரை எடுத்து வைத்தால், அங்கே எழுத்துக்குக் கொடுத்திருந்த நிறங்கள் 'வேர்ட்' என்று தொடங்கும் பெயர்களில் ஸ்வாட்ச் பலகைக்கு வந்துவிடும். ஒவ்வொரு சொல்லாகத் தேடி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஸ்வாட்சை அழியுங்கள். அதற்குப் பதில் எதை வைக்க வேண்டும் என்று மென்பொருளே கேட்கும். பிளாக் என்று சொன்னால் எல்லா இடத்திலும் மாறிவிடும். இதே காரணத்துக்காகத்தான் நிறத்தைக் கையால் கொடுக்காமல், பெயர் வைத்த ஸ்வாட்சாகவும் பத்தி ஸ்டைலாகவும் கொடுக்கச் சொல்கிறார்கள். தேர்வின் கடைசி நேரத்தில் "தலைப்பைப் பச்சையாக்குங்கள்" என்பார்கள். ஸ்டைல் வைத்தவர் ஓரிடத்தில் மாற்றிவிட்டு எழுந்துவிடுவார்.

எழுத்து இருக்கும் சட்டத்தை (ஃபிரேமை) தேர்ந்தெடுத்துக்கொண்டு நிறம் கொடுத்தால் எழுத்துக்குப் பதிலாகச் சட்டத்தின் பின்னணி நிறம் மாறும். பதற வேண்டாம், ஜே விசையை அழுத்தினால் எழுத்துக்கு மாறிக்கொள்ளும். நிரப்பு நிறத்துக்கும் கோட்டு நிறத்துக்கும் இடையே மாற எக்ஸ் விசை. எழுத்துக்குள் கர்சர் இருந்தால் மட்டும் இந்த விசைகளை அழுத்தக் கூடாது; 'ஜே'யும் 'எக்ஸ்'ஸும் முகவரிக்குள் தட்டச்சாகிவிடும்.

ஓவர்பிரிண்ட், அதாவது அடியில் உள்ள நிறத்தில் ஓட்டை விடாமல் அதன் மேலேயே அச்சடிப்பது, என்ற பகுதியைப் பலர் மனப்பாடம் செய்கிறார்கள். அதைவிட ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மஞ்சள் பட்டை ஒன்றின் மேல் பிளாக் ஸ்வாட்சில் ஒரு சொல், பக்கத்தில் நீங்களே புதிதாக உருவாக்கிய கருப்பு 100 ஸ்வாட்சில் அதே சொல். ஷிஃப்ட் எஃப்6 அழுத்திப் பிளேட் பிரிப்புப் பலகையைத் திறந்து மஞ்சளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். முதல் சொல்லுக்கு அடியில் பட்டை ஓட்டையில்லாமல் இருக்கும். இரண்டாவது சொல்லின் வடிவத்தில் ஓட்டை விழுந்திருக்கும். பிளாக் ஸ்வாட்ச் 100 சதவீதத்தில் இருக்கும்போது மட்டும் தானாகவே மேலே அச்சாகும். 90 சதவீத டின்ட் (வெளிறிய சாயல்) ஆக்கினாலும் ஓட்டை விழும். ரிஜிஸ்டர் விலகினால் அந்த ஓட்டையின் விளிம்பில்தான் வெள்ளைக் கோடு தெரியும். இதற்கு மறுபக்கமும் உண்டு: பருத்த கருப்புத் தலைப்பு பாதி புகைப்படத்தின் மேலும் பாதி வெற்றுத் தாளிலும் விழுந்தால் இரண்டு விதக் கருப்பாகத் தெரியும். அடர்கருப்பு அந்த இடத்துக்குத்தான்.

ரிவர்ஸ் எழுத்தில், அதாவது நிறப் பரப்பில் வெள்ளையாக விடும் எழுத்தில், தமிழுக்குச் சிக்கல் அதிகம். ண, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறியவை. மை கொஞ்சம் பரவினாலும் அடைத்துக்கொள்ளும். நான்கு மைப் பரப்பில் 9 பாயிண்டுக்குக் கீழே ரிவர்ஸ் வைக்கவே மாட்டேன், வைத்தாலும் தடித்த எழுத்துருவில்தான்.

பயிற்சிக்கு ஊரே பொருள் தரும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் மஞ்சள் தாளில் ஒற்றைச் சிவப்பு மையில் அடித்த நோட்டீஸ்கள் கைக்கு வரும். ஆப்செட் மை ஒளி ஊடுருவக்கூடியது. அதே தாளில் நீல மையால் அடித்தால் பச்சை தட்டும். இன்டிசைனில் 'பேப்பர்' ஸ்வாட்சை அந்த மஞ்சளுக்கு மாற்றிவைத்துப் பார்க்கலாம், அது அச்சாகாது. திரைக்காக மட்டுமே. ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தை இயக்கினால்தான் மை தாளோடு கலப்பது தெரியும்.

வீட்டில் இன்டிசைன் இல்லாதவர்கள் இலவசமான ஸ்கிரைபஸில் பழகலாம். தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர 1.5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். விசைகள் வேறு, கருத்து ஒன்றே. இன்டிசைனில் தமிழ் உடைந்து தெரிந்தால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். தேர்வு அறையில் அதை முதல் வேலையாகச் செய்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள். முடித்துக் கொடுக்கும் முன் பிளேட் பிரிப்புப் பலகையில் கருப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒன்றுகூடத் திரையில் மிஞ்சக் கூடாது.