எண் 35: நிக் டேகோஸின் முதல் இரண்டு பருவங்கள்

25 நவம்பர் 2021

கிளப்புகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்று நேற்றிரவு முடிந்தது. நிக் டேகோஸ் காலிங்வுட்டுக்குத்தான் போவார் என்பது மெல்போர்ன் முழுக்கத் தெரிந்த செய்தி. என்ன விலைக்கு என்பது மட்டுமே பாக்கி இருந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்துக்குப் புதிதாக வருபவர்கள் குழம்பும் இடமும் இதுதான் என்பதால் கணக்கை எழுதிவைக்கிறேன்.

அப்பா ஒரு கிளப்புக்கு 100 ஆட்டங்கள் ஆடியிருந்தால், மகனை எடுப்பதில் அந்தக் கிளப்புக்கு முன்னுரிமை. பீட்டர் டேகோஸ் காலிங்வுட்டுக்கு ஆடியது 250 ஆட்டங்கள், அடித்தது 549 கோல்கள். தகுதியில் கேள்வியே இல்லை. ஆனால் முன்னுரிமை என்றால் இலவசம் இல்லை. வேறொரு கிளப் தன் முறை வரும்போது அந்தப் பையன் பெயரைச் சொல்லலாம். சொல்லிவிட்டால், அந்த இடத்தின் மதிப்பை அப்பாவின் கிளப் புள்ளிகளாகக் கட்டியாக வேண்டும். இந்த ஆண்டின் கணக்குப்படி முதல் இடத்துக்கு 3000 புள்ளி, நான்காம் இடத்துக்கு 2034. நேற்று நான்காம் இடத்தில் கோல்ட் கோஸ்ட் கிளப் டேகோஸின் பெயரைச் சொன்னது. மகன் விதிக்கான 20 சதவீதத் தள்ளுபடி போகக் கட்ட வேண்டியது 1627. நாற்பதாம் இடத்தின் மதிப்பு 429. அந்த மாதிரி நான்கு இடங்கள் கையில் இருந்தால் கணக்குத் தீர்ந்தது. காலிங்வுட் பின்வரிசை இடங்களைச் சேர்த்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் இதுதான்.

வலிக்கும் பகுதி ஒன்று உண்டு. இந்த ஆண்டின் முதல் சுற்று இடத்தைப் போன வருடமே ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப்புக்குக் கொடுத்தாகிவிட்டது. பிறகு காலிங்வுட் பட்டியலில் 17ஆம் இடத்தில் முடிக்க, கீழே முடித்தவருக்கே முன்வரிசை முறை என்பதால் கைமாறிய இடம் பொன்னாகிப்போனது. அதை வைத்து ஜிடபிள்யூஎஸ் ஃபின் கேலகனை எடுத்தது. அந்த இடம் கையில் இருந்திருந்தால், கேலகனையும் டேகோஸையும் ஒரே இரவில் எடுக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

பிறந்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: 3 ஜனவரி 2003. டிசம்பர் 31க்குள் 18 வயது ஆகிறவர்கள்தான் அந்த ஆண்டு டிராஃப்டுக்கு வர முடியும். மூன்று நாள் முன்னால் பிறந்திருந்தால் போன வருடமே வந்திருப்பார். ஆக, தன் வரிசையில் மூத்தவர்களில் ஒருவராக வருகிறார். பதினெட்டு வயதில் பத்து மாதம் என்பது எலும்புக்கும் தசைக்கும் பெரிய வித்தியாசம்.

12 ஜனவரி 2022

அப்பாவின் 35ஆம் எண் சட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். சட்டையை விட உடம்புதான் இந்த மாதத்தின் கவலை.

முதலாண்டு வீரர்கள் பெரும்பாலும் அடிபடுவது மோதலில் இல்லை, கோடைப் பயிற்சியில். 18 வயதுக்குட்பட்டோர் போட்டியை விட இங்கே குவார்ட்டர் நீளம்: 20 நிமிடம், கூடவே பந்து நின்ற நேரமும் சேர்ந்து 30 நிமிடம் வரை போகும். ஒரு மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார். அதற்குத் தயாராக ஓட்டத்தையும் உதையையும் ஒரேயடியாக ஏற்றினால் முதலில் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலிக்கும். அப்புறம் தொடையின் பின்தசை, இடுப்புக் கவட்டு, கீழ்முதுகு. கீழ்முதுகில் விரிசல் விழுந்தால் பருவமே போச்சு. அதனால்தான் முதுகில் ஜிபிஎஸ் கருவி மாட்டி, வாரா வாரம் ஓடிய தூரத்தையும் வேக ஓட்டத்தின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். போன வாரத்தை விட திடீரென்று ஏறியிருந்தால் அடுத்த பயிற்சியில் பாதியிலேயே வெளியே உட்காரவைப்பார்கள். சின்ன வீரர்களுக்கு இது பிடிக்காது. ஆனாலும் அதுதான் சரி.

உதையைப் பற்றி: இந்த விளையாட்டின் அடிப்படை உதை டிராப் பண்ட். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, நூல் தைத்த பக்கத்தை முன்னால் வைத்து, உதைக்கும் காலின் பக்கத்துக் கையால் வழிநடத்தி, தரையை நோக்கி விட வேண்டும். கால் விரல் நீட்டி, மேற்பாதத்தில் படவேண்டும். அப்போது பந்து பின்னோக்கிச் சுழன்று நேராகப் போகும். தப்பு நடப்பது பெரும்பாலும் காலில் இல்லை, கையில். பந்தை உயரத்திலிருந்து விட்டால் விழும் வழியில் சாய்ந்துவிடும். அழுத்தம் வரும்போது கை அவசரப்பட்டுப் பந்தைத் தூக்கிப் போடும். டேகோஸின் உதையைப் பார்த்தால், இரண்டு காலிலும் பந்து கையை விட்டு இறங்கும் தூரம் மிகக் குறைவு. தடுக்க வருபவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

19 மார்ச் 2022

செயின்ட் கில்டாவுக்கு எதிராக நேற்று அறிமுகம். புதுப் பயிற்சியாளர் கிரேக் மெக்ரேவுக்கும் இதுதான் முதல் ஆட்டம். 102க்கு 85 என்று காலிங்வுட் வென்றது. டேகோஸுக்கு 27 டிஸ்போசல், அதாவது உதையும் ஹேண்ட்பாலும் (முஷ்டியால் குத்தி அனுப்புவது) சேர்த்து 27 தடவை பந்தைச் சேர்ப்பித்திருக்கிறார்.

எண்ணிக்கையை விட அவரை எங்கே நிறுத்தினார்கள் என்பதைப் பாருங்கள். இளைஞர் போட்டியில் அவர் மிட்ஃபீல்டர். இங்கே ஹாஃப்-பேக், தடுப்பு வரிசையின் பக்கவாட்டு. மிட்ஃபீல்டில் பந்து மேலே எறியப்படும்போது 90 கிலோ ஆள்கள் நான்கு பக்கமும் இடிப்பார்கள். பந்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் நேரமும் உண்டு. ஹாஃப்-பேக்கில் ஆட்டம் முழுக்கக் கண் முன்னால் விரியும். பந்து நம்மை நோக்கி வரும், கிடைத்தபின் ஒரு மூச்சு விட நேரம் இருக்கும். நன்றாக உதைக்கத் தெரிந்த பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதை விட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. மெக்ரே இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

18 ஜூலை 2022

அடிலெய்டில் 40 டிஸ்போசல், 3 கோல். முதல் பருவத்தில்!

ஹாஃப்-பேக்கில் நிற்பவருக்கு 3 கோல் எப்படி? மறுபடி மறுபடி ஓட்டத்தைப் பார்த்தால் புரியும். பந்தை உதைத்துவிட்டு அவர் நிற்பதில்லை. உதைத்த திசையிலேயே ஓடி, அடுத்த ஹேண்ட்பாலை வாங்கும் தூரத்தில், பந்துக்கு ஏழெட்டு மீட்டர் பின்னால் பக்கவாட்டில் போய் நிற்கிறார். அவரைக் காக்க வேண்டியவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து கைமாறும் ஒரு சங்கிலியில் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறை அவர் கைக்கு வருகிறது. இதற்கு வேகம் பெரிதாக வேண்டாம். ஓயாத ஓட்டம் வேண்டும்.

18 செப்டம்பர் 2022

இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டமான பிரிலிமினரி ஃபைனலில் சிட்னியிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி, 95க்கு 94. முந்தைய ஆண்டு 17ஆம் இடத்தில் இருந்த அணி.

சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது டேகோஸுக்கு. ஜனவரி 1 அன்று 21 வயது நிரம்பாதவராக இருக்க வேண்டும், பருவத்துக்கு முன் 10 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது, தடை வாங்கியிருக்கக் கூடாது. அந்தக் கடைசி நிபந்தனையில் விழுபவர்களும் உண்டு. 25 ஆட்டங்களை ஆடி முடித்ததுதான் எனக்கு விருதை விடப் பெரிதாகத் தெரிகிறது. ஜனவரியில் வெளியே உட்காரவைத்ததெல்லாம் வீண்போகவில்லை.

26 ஏப்ரல் 2023

இந்தப் பருவம் அவரை மிட்ஃபீல்டுக்கு நகர்த்தியிருக்கிறார்கள். நேற்று போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் தினம், எம்சிஜியில் 95,000க்கும் மேல் கூட்டம், எஸெண்டனுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து 13 புள்ளியில் வெற்றி. டேகோஸுக்கு 40 டிஸ்போசல், 2 கோல், ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஆன்சாக் பதக்கம்.

நகர்த்திய விதம் அழகு. நடு வட்டத்தில் ஆட்டம் தொடங்கும்போது உள்ளே போகிறார். சில தடவை ஹாஃப்-பேக்கிலேயே தொடங்கி, பந்து இறங்கியபின் ஓடி வந்து சேர்கிறார். எதிரணி யாரை அவர் மேல் ஏவுவது என்று முடிவெடுப்பதற்குள் அவர் வேறு இடத்தில் இருக்கிறார்.

9 ஆகஸ்ட் 2023

சனிக்கிழமை ஹாதார்ன் அணி அவரை நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. ஃபின் மேகினஸ் அவரை டேக் செய்தார், ஆட்டம் முழுக்க ஒட்டிக்கொண்டு நின்றார். டேகோஸுக்கு மொத்தம் 5 டிஸ்போசல். எழுத்துப் பிழை இல்லை, ஐந்துதான். காலிங்வுட் 32 புள்ளியில் தோற்றது.

டேக் செய்பவர் பந்தைத் தேடுவதில்லை. ஸ்டாப்பேஜ் எனப்படும், நடுவர் பந்தை மேலே எறியும் இடத்தில், டேகோஸுக்கும் பந்துக்கும் நடுவில் நிற்கிறார். முழங்கையை மடக்கி மார்பை உரசிக்கொண்டு, ஓடத் தொடங்கும் முதல் இரண்டு அடியை மட்டும் தடுக்கிறார். அந்த இரண்டு அடி போனால் ஹேண்ட்பால் வாங்கும் கோணம் போனது. முன்பு எழுதிய அந்த இரண்டாம், மூன்றாம் தொடுகையும் அதோடு போனது. உதைத்தவுடன் ஓடவிடாமல் தோளோடு தோளாக நிற்கிறார். சட்டையை இழுத்தால் ஃப்ரீ கிக். ஆகவே இழுக்காமல் உடம்பால் மறிப்பதில்தான் டேகரின் திறமை.

மாற்று வழிகள் உண்டு. ஒன்று, டேகோஸைக் கோல் பக்கம் அனுப்புவது: டேகர் கூடப் போனால் அவருக்குத் தெரியாத தடுப்பு வேலை அவர் தலையில் விழும். இரண்டு, கூட ஆடுபவர் டேகரின் பாதையில் போய் நின்று அந்த முதல் இரண்டு அடியை வாங்கிக்கொடுப்பது. மூன்று, டேகோஸ் டேகரை இழுத்துக்கொண்டு வெளியே போய், உள்ளே சக வீரர் டி கோயிக்கு இடம் விடுவது. சனிக்கிழமை இந்த மூன்றில் எதையும் தொடர்ந்து செய்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது வழி வீரர்களின் மனதைப் பொறுத்தது: பந்தை விட்டு இன்னொருவருக்காக இடிவாங்க வேண்டும்.

இதோடு முழங்காலில் மெல்லிய எலும்பு விரிசல் என்ற செய்தியும் வந்திருக்கிறது. அந்த ஆட்டத்தில் பட்ட அடி. லீக் சுற்றின் மிச்சத்தில் ஆடமாட்டார். இப்படிப்பட்ட விரிசலில் எலும்புக்குச் சுமை கொடுக்காமல் நுரையீரலை மட்டும் வேலை வாங்க வேண்டும்: சைக்கிள், ஆழ்நீரில் மிதவை கட்டி ஓடுவது, பிறகு உடல் எடையைக் குறைத்துக் காட்டும் டிரெட்மில். கடைசியில்தான் திரும்புதலும் உதையும். நேராக ஓடும்போது வலிக்காத முழங்கால், வெட்டித் திரும்பும்போது வலிக்கும். வலியில்லை என்று ஒரு வாரம் முன்னால் இறக்கினால் மெல்லிய விரிசல் பெரிய முறிவாகலாம்.

23 செப்டம்பர் 2023

ஃபைனல்ஸின் முதல் ஆட்டத்தில் அவர் இல்லாமல் மெல்போர்ன் அணியை 60க்கு 53 என்று வென்றதால் கூடுதலாகச் சில நாள் கிடைத்தன. நேற்று ஜிடபிள்யூஎஸ்ஸுக்கு எதிரான பிரிலிமினரி ஃபைனலில் திரும்பினார். 58க்கு 57. போன வருடம் ஒரு புள்ளியில் போனது இந்த வருடம் ஒரு புள்ளியில் வந்தது.

தொடக்கத்தில் இடது வலது வெட்டலைத் தவிர்த்து நேர்கோட்டில் ஓடுவதாகப் பட்டது. போகப்போகத் தளர்ந்தது.

26 செப்டம்பர் 2023

பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தின் எண்ணிக்கை: லாக்கி நீல் 31, பாண்டெம்பெல்லி 29, டேகோஸ் 28. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவர்கள் 3, 2, 1 என்று கொடுக்கும் வாக்குகள் இவை. மூன்று ஆட்டங்களைத் தவறவிட்டு மூன்று வாக்கில் பின்தங்கியிருக்கிறார். ஆடியிருந்தால் வென்றிருப்பார் என்று பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இருபது வயதுக்காரர் அதைப் பற்றி யோசிக்கக் கூடாத வாரம் இது.

1 அக்டோபர் 2023

நேற்றைய இறுதிப் போட்டி: காலிங்வுட் 12.18 (90), பிரிஸ்பேன் 13.8 (86). முதல் எண் ஆறு புள்ளி தரும் கோல், அடுத்தது பிஹைண்டு, அடைப்பில் மொத்தம். எம்சிஜியில் 1,00,024 பேர். கோல் எண்ணிக்கையில் பிரிஸ்பேன் முன்னால். ஒரு புள்ளி தரும் பிஹைண்டுகள்தான் கோப்பையைக் கொடுத்தன. இது கிளப்பின் 16ஆவது கோப்பை. பாபி ஹில்லுக்கு 4 கோலும், இறுதிப் போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கமும். கடைசி நிமிடங்களில் டி கோயியும் சைட்பாட்டமும் அடித்த இரண்டு கோல்களை இந்த ஊர் நெடுநாள் பேசும்.

நிக், அண்ணன் ஜோஷ் என்று டேகோஸ் சகோதரர்கள் இருவரும் களத்தில். அப்பா 1990 கோப்பையில் ஆடியவர். குடும்பக் கதையை நாளிதழ்கள் எழுதட்டும். நான் பார்த்தது வேறு: மூச்சு முட்டும் வெயிலில், ஏழு வாரத்தில் ஒரே ஒரு ஆட்டம் ஆடிய கால்களோடு அவர் அடிக்கடி ஹாஃப்-பேக் பக்கம் இறங்கினார். முதல் ஆண்டில் படித்த இடம் அது. அங்கே இறங்கும்போது கூட வருபவர் தன் அணியின் தாக்குதல் இடத்தைத் தானே அடைத்துக்கொள்கிறார். ஹாதார்ன் ஆட்டத்தில் தொடாத நான்காவது வழி அது.

அடுத்த மார்ச்சில் எல்லா அணிகளும் மேகினஸின் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் வரும். ஸ்டாப்பேஜில் அவருக்காக முதல் இடியை வாங்கும் ஆள் யார் என்பதைக் கோடைப் பயிற்சியிலேயே முடிவுசெய்து, அதே ஆளை எல்லா வாரமும் நிறுத்த வேண்டும். வாரத்துக்கு ஒருவர் என்று மாற்றினால் ஓடும் நேரம் பொருந்தாது.