கதவில் ஒரு பள்ளம்

"தம்பி, கண்ணை மூடிக்கிட்டுத் தடவிப் பாருங்க."

ஹட்டன் கராஜில் பெயிண்ட் பாஸ் என் கையைப் பிடித்து, அப்பாவின் மொரிஸ் மைனர் கார்க் கதவின்மேல் வைத்தார். பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற சாம்பல் நிற பிரைமர். எனக்கு வழவழவென்றுதான் இருந்தது.

"இதுல பள்ளம் இருக்கு" என்றார்.

கறுப்புப் பெயிண்டைத் தின்னரில் நன்றாகக் கரைத்து, கதவு முழுக்கத் தூறல் மாதிரி அடித்தார். காய்ந்ததும் ரப்பர் கட்டையில் 600 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) சுற்றி, தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தொடங்கினார். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் கோடு விழுமாம்.

கறுப்பு கரைந்து ஓடியது. கைப்பிடிக்குக் கீழே மட்டும், ஒரு தேயிலை அளவுக்கு, அப்படியே நின்றது.

அதுதான் பள்ளம். கட்டை தொடாத இடம்.

அப்புறம் அதை நிரப்பப் பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு. விளிம்புக்கு வந்ததும் அவர் கை தானாகவே லேசாகிவிடுகிறது. அங்கே அழுத்தினால் பிரைமர் போய்த் தகரம் தெரியும். நம்ம ஊர் ஈரத்துக்குத் துரு பிடிக்க நாளாகாது.

மூன்று நாளாக இதே வேலை. தங்கச்சி கல்யாணம் நெருங்குகிறது, எனக்கு அவசரம்தான். ஆனாலும் அந்தக் கையைப் பார்த்த பிறகு அவசரப்படுத்த மனம் வரவில்லை. பெயிண்ட் அடித்துவிட்டால் இவ்வளவு உழைப்பும் அதற்கடியில் போய்விடும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் நிறத்தைத்தான் பார்ப்பார்கள்.

நான்கு மணிக்குப் பனி இறங்கியது. பாஸ் கதவைத் துடைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வெயில் வந்தா அடிப்போம் தம்பி. பனியில அடிச்சா பெயிண்ட் வெளுத்துரும்."