நொக்அவுட்டுக்கு முதல் டீம் மாறின அண்ணா

நேத்து பின்னேரம் மக்கெய்சர் கிரவுண்டடியில நிண்டு கதைக்கேக்கதான் தெரிஞ்சுது, இத்தனை வருசமா எங்கட ஏரியா ஃபுட்போல் டீமுக்கு விளையாடின அண்ணா நொக்அவுட்டுக்கு முதல் மற்ற டீமுக்குப் போயிட்டாராம். ராத்திரி நித்திரையே வரேல்ல, சின்னனில அவற்ற பூட்ஸத் தூக்கிக்கொண்டு பின்னால திரிஞ்சவன் நான். பெடியள் துரோகி எண்டுறாங்கள், எனக்கு அப்பிடிச் சொல்ல வாய் வரேல்ல, வயசு போட்டுதெண்டு சீசன் முழுக்க பெஞ்சில இருத்தி வச்சது நாங்கதானே.

வேல்ஸ் ஃபுட்போல் பிளேயர் கரெத் பேலும் இப்பிடித்தான், ரியல் மாட்ரிட்டில ஒம்பது வருசம் இருந்திட்டு 2022ல அமெரிக்காவில இருக்கிற எல்ஏஎஃப்சி டீமுக்குப் போனவர், அங்கயும் அநேகமா சப்ஸ்டிடியூட்டாத்தான் இறங்கினார், ஆனா நவம்பர் 5 அமெரிக்க லீக் பைனல்ல ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரா எக்ஸ்ட்ரா டைமில வந்து 128வது நிமிசம் ஒரு ஹெட்டர், 3-3, பிறகு பெனால்டியில வெண்டு கப்பும் தூக்கிட்டாங்கள். அந்த ஹெட்டர் இல்லாட்டி கப் ஃபிலடெல்ஃபியாவுக்குத்தான்.

சனிக்கிழமை அண்ணா எங்களுக்கு எதிரா இறங்கிறார். நான் எங்கட பக்கம்தான் கத்துவன், ஆனா அவர் கோல் அடிச்சா கை தட்டாம இருக்க ஏலாது.