பசங்களுக்கு ஃபிட்னஸ் டெஸ்ட்: ஒரு நாள் வேலை மூன்று நாள் ஆன கதை

24 பையன்கள், ஆறு டெஸ்ட், காலை ஆறரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கு முடிந்துவிடும் என்றுதான் கணக்கு. முடிந்தது மூன்றாம் நாள். அலுவலகத்துக்கு ஒரு வெட்டி அலைச்சல் வேறு.

முதல் தப்பு வரிசையில். வெயில் ஏறுவதற்குள் 20 மீட்டர் ஷட்டிலை (பீப் சத்தத்துக்கு ஈடுகொடுத்து 20 மீட்டரை முன்னும் பின்னுமாக ஓடுவது; நிலைக்கு நிலை வேகம் கூடும்) முடித்துவிடலாம் என்று அதை முதலில் வைத்தோம். ஓடிக் களைத்த காலோடு நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டச் சொன்னால் எப்படித் தாண்டுவான்? வழக்கமாக 2.10 மீட்டர் தாண்டுகிறவன் 1.90-ல் விழுந்தான். அந்தத் தாளை அப்படியே கிழித்துப் போட வேண்டியதாயிற்று. களைப்பு தராதவை முதலில்: உயரம், எடை, உட்கார்ந்து எட்டுவது (காலை நீட்டி உட்கார்ந்து, முன்னால் குனிந்து கை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பது). பிறகு தாண்டல், எஜிலிட்டி (வளைந்து திரும்பி ஓடும் சுறுசுறுப்பு), ஸ்பீடு, அதன்பின் புஷ்-அப். மூச்சு வாங்கும் நெடு ஓட்டம் கடைசியில், முடிந்தால் மறுநாள்.

இரண்டாவது தப்புதான் இன்னும் உறுத்துகிறது. ஷட்டிலுக்கு டேப் பிடிக்கச் சோம்பல்பட்டு, வாலிபால் கோர்ட்டின் இரண்டு எண்ட் லைன்களையே எல்லையாக வைத்துவிட்டோம். வாலிபால் கோர்ட் 18 மீட்டர்! பீப் சத்தம் 20 மீட்டருக்கு அளந்தது. முதல் நிலை மணிக்கு 8.5 கிலோமீட்டர், நிமிடத்துக்கு நிமிடம் 0.5 கூடும். எட்டாம் நிலையில் வேகம் 12. ஆனால் 18 மீட்டரில் பையன் ஓடியது 10.8-தான். அதாவது எட்டு என்று எழுதினோமே, அவன் நிஜத்தில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே. திடீரென்று அத்தனை பேருக்கும் மூச்சு கூடிவிட்டதே என்று சந்தோஷப்பட்டதுதான் மிச்சம். இன்னொன்று: சில ஒலிப்பதிவுகள் 8.0-ல் தொடங்கி அடுத்து 9.0-க்குத் தாவும். போன வருஷம் ஒன்று, இந்த வருஷம் ஒன்று என்று மாற்றினால் ஒப்பிடவே முடியாது.

மறுநாள் டேப் வைத்து 20 அளந்து, கோன் வைத்து, ஸ்பீக்கரில் போனை இணைத்தோம். ஆறாம் நிலையில் போனுக்கு அழைப்பு வந்தது. பீப் நின்றது, 12 பையன்களும் நின்றார்கள். அந்த பேட்ச்சை அன்றைக்கே மறுபடி ஓடவிட முடியாது. ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இலினாய் எஜிலிட்டி சுலபமாகப் போனது. 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், நடுவில் நான்கு கோன் 3.3 மீட்டர் இடைவெளியில். ஓடும் முன் ஒரு தடவை வழியை நடக்க வைத்தால் போதும். நேர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் இங்கே ஏழாவது. திரும்பும் இடத்தில் வேகத்தை அடக்கத் தெரியவில்லை. கபடிக்கு இந்த எண்தான் முதலில் பார்க்க வேண்டியது.

உட்கார்ந்து எட்டுவதற்கு வைக்கும் பெட்டியில் ஒரு எச்சரிக்கை. பாதம் படும் இடத்தில் அளவுகோல் 23 சென்டிமீட்டரில் இருக்கும் பெட்டி உண்டு, 26 இருப்பதும் உண்டு, 0 வைத்துத் தச்சர் செய்ததும் உண்டு. எது என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். முட்டி மடங்குகிறதா என்று ஒருவர் கையை வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பட்டியலை அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் எழுத்தர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "50 மீட்டர் எங்கே? 600 எங்கே?" படிவம் மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் 9 முதல் 18 வயதுப் பட்டியல்படி அச்சாகியிருந்தது. நாங்கள் எடுத்தது 30 மீட்டர். அதிலிருந்து 50-ஐக் கணக்குப் போட்டு எழுத வழியில்லை. படிவத்தை முதலில் வாங்கிப் படித்திருந்தால் ஒரு பஸ் செலவு மிச்சம்.

மூன்றாம் நாள் இந்த இரண்டும்தான். 50 மீட்டருக்கு விசில் சத்தத்தைக் கேட்டு வாட்ச்சை அழுத்தாதீர்கள். முடிவுக் கோட்டருகே நிற்பவர் காதுக்குச் சத்தம் வர 0.15 வினாடி ஆகும், அவ்வளவும் பையனுக்கு லாபமாகிவிடும். கொடி இறங்குவதைப் பார்த்து அழுத்துங்கள். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச்சில் 7.41 என்றால் 7.5 என்று எழுத வேண்டும், மேல்நோக்கித்தான். 600-க்கு 200 மீட்டர் டிராக்கில் மூன்று சுற்று. உள்கோட்டை ஒட்டி ஓடச் சொல்லுங்கள், ஒரு மீட்டர் விலகி ஓடினாலே சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கூடுகிறது.

அடுத்த தடவை எழுத்தரின் விரல் நேராக 600 கட்டத்துக்குத்தான் போனது. 24 வரியும் நிரம்பியிருந்தது. ஒன்றும் பேசாமல் முத்திரையை எடுத்தார்.