ஏடிஎஃப் முள்ளை எப்போது நம்பலாம்?

ஏடிஎஃப் என்பது தரையிலுள்ள வானொலி நிலையம் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் கருவி. செஸ்னா 172 போன்ற சிறு விமானத்தில் அதன் முள் சொல்வது ஒன்றுதான்: விமானத்தின் மூக்கிலிருந்து வலச்சுற்றாக எத்தனை டிகிரியில் அந்த நிலையம் இருக்கிறது. நிலையம் எந்த நேர்கோட்டில் இருக்கிறது என்பதை வளைய ஆன்டெனா கண்டுபிடிக்கும். முன்னாலா பின்னாலா என்ற 180 டிகிரி குழப்பத்தைத் தீர்ப்பது சென்ஸ் ஆன்டெனா.

விமானம் 040 டிகிரி திசையில் போகிறது, முள் 060 காட்டுகிறது என்றால் இரண்டையும் கூட்டுங்கள்: நிலையம் 100-இல். கூட்டுத்தொகை 360-ஐத் தாண்டினால் 360-ஐக் கழித்துவிடுங்கள்.

அலைவரிசை வைத்ததும், கருவியின் பொத்தானை ஆன்டெனா நிலையில் வைத்து, நிலையம் அனுப்பும் மோர்ஸ் அடையாள ஒலியைக் கேட்டு, ஏடிஎஃப் நிலைக்கு மாற்றுங்கள். மாற்ற மறந்தால் சில கருவிகளில் முள் 090-இல் ஆடாமல் அசையாமல் நிற்கும். அது திசையே அல்ல!

பெரும்பாலான கருவிகளில், சிக்னல் போனாலும் எச்சரிக்கைக் கொடி வராது. அதனால் மோர்ஸ் ஒலி காதில் மெலிதாக ஓடிக்கொண்டே இருக்கட்டும். இடிமேகம் பக்கத்தில் இருந்தால் முள் மின்னலை நோக்கித் திரும்பும். அந்தியிலும் விடியலிலும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை கலந்து முள் தள்ளாடும்.